சவலைப் பிள்ளைகளின் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ்



சவலை பாய்ந்த பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாய் மீண்டும் கருவுற்று அடுத்த குழந்தை பிறந்ததும், அதுவரை பால் குடித்து வந்த மூத்த குழந்தைக்குத் தாய்ப்பால் நின்றுவிடுகிறது. அது ஏங்கி, மெலிந்து, தொட்டதற்கெல்லாம் அழுதுகொண்டு திண்ணையோரத்தில் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் சவலை என்றார்கள். மருத்துவக் கல்லூரியின் வாசலை மிதித்தறியாத அவர்கள், நோயையும் அதன் காரணத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

சத்துணவுப் பாடம் படிக்கும் நாம் குவாஷியார்க்கர் என்னும் பெயரை இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கிறோம். வாயில் எளிதில் நுழையாத இப்பெயர் எந்த மொழிச் சொல், இதை மருத்துவ நூல்களில் ஏற்றியவர் யார் என்று நாம் கேட்டதில்லை. இவ்வாண்டு கேட்டுப் பார்த்தோம். அது மேற்கு ஆப்பிரிக்கத் தாய்மாரின் சொல். அதன் பொருளோ ஏறக்குறைய நம் சவலைதான். அதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். அவர் வாழ்க்கையில் வெற்றிகளை விடத் தடைகளே மிகுதி. ஆயினும் அத்தடைகளுக்கு ஊடே அவர் நடந்து சென்ற பாதையில் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. அவ்வரலாற்றை நாம் அறிந்த அளவில் இங்கே தருகிறோம்.

பிறப்பும் கல்வியும்

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில், வெஸ்ட்மோர்லண்ட் வட்டாரத்தில், கியூ பார்க் என்னும் தோட்ட வீட்டில் 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் சிசிலி பிறந்தார். தந்தையார் அத்தீவின் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். சிசிலிக்கு ஒன்பது வயது இருக்கும்போது, இவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பது அரிது, ஆகவே மருத்துவராகப் படிப்பதே நல்லது என்று தந்தையார் கூறியதாகச் சொல்வர். விளையாட்டாகச் சொல்லப்பட்ட அச்சொல் சிறுமியின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

பதின்மூன்றாம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். பத்தொன்பது வயதில் ஆக்ஸ்ஃபோர்டு சோமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த வேளையில் முதல் தடை வந்தது. நிலநடுக்கமும் புயலும் ஜமைக்காவை அலைக்கழித்திருந்தன. பெற்றோருக்குத் துணை வேண்டியிருந்தது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு மகள் ஊர் திரும்பினார். சில ஆண்டுகள் வீட்டுப் பொறுப்பிலேயே கழிந்தன. 1916-இல் தந்தையார் காலமானார். பிறகுதான் சிசிலி மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டு சென்று மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

அக்காலத்தில் மருத்துவ வகுப்பில் பெண்களைச் சேர்ப்பது அரிது. முதல் உலகப் போருக்கு ஆண் மாணவர் சென்றுவிட்டதால் வகுப்பறைகள் காலியாயின. அக்காலி இடங்களால்தான் சிசிலி போன்றவர்களுக்குக் கதவு திறந்தது. பெண்களுக்குப் பட்டம் வழங்கவே ஆக்ஸ்ஃபோர்டு 1920-இல்தான் இசைந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி பெற்று 1923-இல் அவர் மருத்துவரானார்.

போர் முடிந்து ஆண் மருத்துவர்கள் திரும்பியிருந்தனர். பெண் மருத்துவருக்கு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. லண்டனின் ஹாக்னி பகுதியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டாண்டுகள் பணிபுரிந்தார். நோயுற்ற குழந்தையை அறிய வேண்டுமானால் அதன் வீட்டையும் அறிய வேண்டும் என்னும் பாடத்தை அங்கே கற்றார். பின்னர் கிரேக்க நாட்டின் சலோனிக்காவில் அகதிகளுக்கிடையே சில காலம் தொண்டாற்றினார். வெப்ப நாடுகளில் பணிபுரிய விரும்பி, லண்டனில் அதற்குரிய மருத்துவப் படிப்பையும் முடித்து, பிரிட்டிஷ் காலனி மருத்துவப் பணிக்கு விண்ணப்பித்தார். காத்திருந்து காத்திருந்து கடைசியில் 1929-இல் ஆணை வந்தது. அவர் அனுப்பப்பட்ட இடம் கோல்டு கோஸ்ட். 1957-இல் விடுதலை பெற்று இன்று கானா என வழங்கும் நாடு அது.

ஆப்பிரிக்க மண்ணில்

பதவியின் பெயரிலேயே ஒரு வேற்றுமை இருந்தது. அவரை மருத்துவ அலுவலர் என்னாமல் பெண் மருத்துவ அலுவலர் என்றே குறித்தார்கள். வேலை ஒன்றே, சம்பளம் மட்டும் ஆண்களுக்குத் தந்ததை விடக் குறைவு. இது முறையன்று என்று சிசிலி கருதினார். ஆயினும் அதற்காக வேலையில் குறை வைக்கவில்லை.

அக்ரா நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தாய்மார் தூக்கி வந்த பிள்ளைகளுள் ஒரு வகையினர் அவரது கருத்தைக் கவர்ந்தனர். வயது ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். கைகால் வீங்கியிருக்கும், வயிறு பருத்திருக்கும். தலைமுடி செம்பட்டையாக மாறியிருக்கும். தோல் கறுத்துத் திட்டுத் திட்டாக உரிந்துவரும். விளையாட்டும் சிரிப்பும் மறைந்து, எப்போதும் சிணுங்கிக்கொண்டிருக்கும். வீக்கத்தைப் பார்த்துப் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று அறியாதவர் மயங்குவர். உண்மையில் அது உப்பிய நீர். கவனியாது விட்டால் அக்குழந்தைகள் இறந்துபோயின.

அங்கிருந்த மருத்துவர் பலர் இதைப் பெல்லாக்ரா என்றே எழுதி வந்தனர். பெல்லாக்ராவும் மக்காச்சோளத்தையே நம்பி வாழும் ஏழைகளிடம் காணப்படும் நோய்தான். நியாசின் என்னும் வைட்டமின் குறைவால் வருவது. ஆனால் பெல்லாக்ராவில் வெயில் படும் இடங்களில்தான் தோல் கெடும். இக்குழந்தைகளின் உடலில் தோல் கெட்ட இடங்கள் அப்படி அமையவில்லை. இது வேறு நோய் என்று சிசிலிக்குத் தோன்றியது. உறுதி செய்ய, இறந்த குழந்தைகளின் உடலை அவரே அறுத்துப் பரிசோதித்தார். பென்சிலின் போன்ற மருந்துகள் கைக்கு வராத காலம் அது. ஒருமுறை பரிசோதனையின்போது ஏற்பட்ட சிறு வெட்டுக்காயத்தின் வழியே நச்சுக் கிருமி புகுந்து, அவரே சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார்.

சோதனைச்சாலையில் தேடியதோடு அவர் நிற்கவில்லை. தாய்மாரிடமே கேட்டார். உங்கள் ஊரில் இந்த நோய்க்கு என்ன பெயர் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லைக் குறித்துக்கொண்டார். அதுதான் குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தன் இடத்தை இழந்த குழந்தையின் நோய் என்று சிசிலி அதை விளக்கினார்.

அச்சொல்லே அவருக்கு வழிகாட்டியது. தாய்ப்பால் நின்ற பிறகு அப்பிள்ளைகள் எதைத் தின்றார்கள் என்று பார்த்தார். மக்காச்சோளக் கூழைத் தவிர வேறொன்றும் இல்லை. வயிறு நிறைந்தது, வளர்வதற்கு வேண்டிய சத்து கிடைக்கவில்லை. பாலும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார். காலத்தோடு வந்த குழந்தைகள் தேறின. இவற்றையெல்லாம் தொகுத்து 1933-இல் குழந்தை மருத்துவத்திற்கான ஆங்கில ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்.

பாராட்டு வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். வந்தது மறுப்பு. பெல்லாக்ரா ஆய்வில் பெயர் பெற்ற ஹியூ ஸ்டானஸ் என்னும் மருத்துவர், இது பெல்லாக்ராவேயன்றிப் புதிய நோய் அன்று என்று எழுதினார். பெரியவர் சொல்லே எடுபட்டது. சிசிலி வாய்மூடி இருக்கவில்லை. மேலும் பல குழந்தைகளைக் கவனித்து, 1935-இல் லான்செட் இதழில் இரண்டாம் கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்கத் தாய்மாரின் சொல்லையே நோயின் பெயராகத் துணிந்து அங்கே சூட்டினார். அப்போதும் பலர் ஏற்கவில்லை. ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே மருத்துவமனையிலும் அவர் புதிய முறைகளைக் கொண்டுவந்தார். குணமான பிள்ளை வீட்டிற்குப் போய் அதே கூழையே குடித்தால் மீண்டும் நோயாளியாகத்தானே திரும்பி வரும்? ஆகவே செவிலியருக்குப் பயிற்சி அளித்து வீடுகளுக்கு அனுப்பினார். ஒவ்வொரு குழந்தைக்கும் குறிப்பு அட்டை வைத்தார். நலமாக இருக்கும் குழந்தைகளையும் எடை பார்க்கக் கொண்டுவரச் செய்தார். நோய் தீர்ப்பதும் நோய் வராமல் காப்பதும் ஒரே கையால் நடைபெற வேண்டும் என்பது அவர் கொள்கை. அதிகாரிகளோ இரண்டையும் தனித்தனித் துறையாக வைத்திருந்தனர். கருத்து வேற்றுமை முற்றியது. ஏழாண்டுகள் பாடுபட்ட இடத்திலிருந்து 1936-இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். தாம் கண்டறிந்த நோயை மேலும் ஆராயும் வாய்ப்பை அதனால் இழந்தார்.

பாலும் கொலையும்

மாற்றலாகிப் போன இடத்தில் ஒதுங்கி இருந்திருக்கலாம். ஆனால் கண் இருக்கிறதே, அது பார்க்காமல் இருக்குமா? சிங்கப்பூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பச்சிளங்குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் சத்துக் குறைவாலும் இறப்பதைக் கண்டார். காரணம் தேடியபோது டப்பாப் பால் என்று தெரிந்தது. இனிப்பூட்டிய கெட்டிப்பாலை விற்கும் கம்பெனிகள், செவிலியர் போல உடை உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பின. தாய்ப்பாலை விட இதுவே சிறந்தது என்று அவர்கள் சொல்ல, ஏழைத் தாய்மார் நம்பினார்கள். கூலிப் பணத்தில் டப்பா வாங்கினார்கள். விலை அதிகமாகையால் தண்ணீரை மிகுதியாகக் கலந்தார்கள். தண்ணீரும் சுத்தமில்லை, புட்டியும் சுத்தமில்லை. இதற்குள் தாய்ப்பாலும் வற்றிவிட்டது. பிறகு திரும்ப வழியில்லை.

நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பால் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவரும் இவரே. மலாயாவில் டப்பாப் பாலை எதிர்த்தவரும் இவரே. இதில் முரண் இல்லை. தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைக்குப் பால் மருந்து. தாய்ப்பால் இருக்கும் குழந்தையிடமிருந்து அதைப் பறிக்கும்போது அதே பால் நஞ்சாகிறது.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அவரை அழைத்தனர். சங்கத்தின் அன்றைய தலைவரே ஒரு பால் கம்பெனியைச் சேர்ந்தவர் என்பர். அவையிலிருந்தோர் நகரத்துப் பெரிய மனிதர்கள். அவர்கள் முன் சிசிலி எடுத்துக்கொண்ட தலைப்பு, பாலும் கொலையும். பொய்ப் பிரசாரத்தால் குழந்தைகள் இறப்பதைக் கொலை என்றே கருத வேண்டும் என்று அவர் அஞ்சாமல் கூறினார். அரசு ஊழியம் செய்யும் ஒரு பெண், அக்காலத்தில், அந்த அவையில் இதைச் சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

சிறைவாசம்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அப்போது சிசிலி கிழக்குக் கரையிலிருந்த திரெங்கானுவில் சுகாதாரப் பொறுப்பில் இருந்தார். காடுகளைக் கடந்து சிங்கப்பூருக்குத் தப்பி வந்தார். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. நூற்றுக்கணக்கான பெண்களோடும் குழந்தைகளோடும் அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். உள்ளேயும் அவர் மருத்துவர்தான். பெண்கள் பகுதியின் தலைவியருள் ஒருவராகவும் விளங்கினார்.

1943 அக்டோபரில் பெருந்துன்பம் நேர்ந்தது. துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. உண்மையில் அதைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் வழியே வந்த படைவீரர்கள். ஜப்பானிய இராணுவப் போலீசாரோ சிறைக் கைதிகள் மேல் ஐயம் கொண்டு 57 பேரைப் பிடித்துச் சென்றனர். அவர்களுள் மூவர் பெண்கள், சிசிலி ஒருவர். நேராக நிற்கவும் படுக்கவும் இடமில்லாத கூண்டுகளில், ஆண்களோடு, இரவும் பகலும் எரியும் விளக்கின் கீழ் மாதக்கணக்கில் வைத்து விசாரித்தனர். 57 பேரில் 15 பேர் மடிந்தனர். சிசிலி உயிரோடு திரும்பினார். வயிற்றுக்கடுப்பும் பெரிபெரியும் அவரை வாட்டின. சத்துக் குறைவைப் பற்றி ஏட்டில் எழுதியவர் அதைத் தம் உடம்பிலேயே பட்டறிந்தார். பெரிபெரியால் பாதங்களில் உணர்ச்சி குன்றியது.

1945-இல் விடுதலையானபோது அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். உடல் தேறியதும் சிறையின் உணவு நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதில் ஒரு செய்தி நம்மை வியக்க வைக்கிறது. முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன. இருபதும் பிழைத்தன. பட்டினி கிடந்த தாய்மாரின் பால், சிங்கப்பூர் வீதிகளில் டப்பாப் பாலால் நடவாத செயலை நடத்திக் காட்டியது.

உலகம் ஏற்றது

1948-இல் உலக சுகாதார நிறுவனம் தோன்றியபோது, ஜெனிவாவில் அதன் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராகச் சிசிலி அமர்த்தப்பட்டார். பின்னர் தென்கிழக்கு ஆசியப் பகுதியிலும் பணியாற்றினார். 1950-இல் பிராக், ஆட்ரெட் என்னும் இரு வல்லுநர்கள் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தனர். குவாஷியார்க்கர் உண்மையான நோய் என்றும், அது எங்கும் பரவியிருக்கிறது என்றும் அவர்கள் தந்த அறிக்கை 1952-இல் வெளியாயிற்று. முதல் கட்டுரை எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அவர் சொல் நிலைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் சரியான மருத்துவம் பெறாமல் மாண்ட குழந்தைகளை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

இந்நோய்க்குப் புரதக் குறைவு ஒன்றே காரணம் என்று பழைய நூல்கள் கூறின. தொற்றுநோய்களும் குடலின் நிலையும் வேறு சத்துக்களின் குறைவும் இதில் சேர்ந்தே இயங்குகின்றன என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் மூத்த பிள்ளையின் தட்டில் கூழைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்ன சிசிலியின் பாடம் மாறவில்லை.

1951 முதல் 1953 வரை தாய்நாடாகிய ஜமைக்காவில், குழந்தைகளைக் கொன்றுவந்த வாந்தி நோயை ஆராய்ந்தார். பழுக்காத ஆக்கி பழத்தின் நஞ்சே அந்நோய்க்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1959 முதல் 1964 வரை பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தாய் சேய் நலப் பேராசிரியராக விளங்கினார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. பல நாடுகளுக்குச் சென்று மாணவருக்குப் போதித்தார்.

1981-இல் தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. சிங்கப்பூர்ப் பேச்சுக்கு 42 ஆண்டுகளுக்குப் பின், அதைக் காண அவர் உயிரோடு இருந்தார். 1992 ஜூலை 13-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில், தம் 98-ஆம் வயதில் சிசிலி அமைதியாகக் கண்மூடினார். அதே ஆண்டின் இறுதியில்தான் நம் இந்திய நாடும் பால் டப்பாக்களுக்கும் புட்டிகளுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று பால்மாவு டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை நாம் கடைகளில் பார்த்திருப்போம். இனி அதைப் பார்க்கும்போது சிசிலியை நினைப்போம்.

நாம் பெறும் பாடம்

தோழியரே, ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வரும்போது நம்மிடையே சிலர் கண்ணீர் விடுகிறார்கள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் சத்துணவியலிலோ மனையியலிலோ செவிலியர் பயிற்சியிலோ சேரும் அக்காமார், தம் வாழ்வே தாழ்ந்துவிட்டதாக எண்ணி மனம் சோர்கிறார்கள். பெற்றோரும் அப்படியே வருந்துகிறார்கள். சிசிலியின் வாழ்க்கையை அவர்கள் முன் வைக்க விரும்புகிறோம். கிடைத்த இடத்தைக் குடும்பத்திற்காக விட்டார், காலம் தாழ்த்திப் படித்தார், குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்தார், எழுதிய உண்மையை மறுத்தார்கள், வேலை செய்த ஊரிலிருந்து மாற்றினார்கள், சிறையில் அடைத்தார்கள். எங்கே தள்ளப்பட்டாரோ அங்கே இருந்த குழந்தைகளின் பக்கம் திரும்பி, இவர்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டார்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. அவர் பெரும் மேதைகளின் நூல்களில் தேடிக் கிடைக்காத விடையை, எழுத்தறியாத தாய்மாரிடம் கேட்டுப் பெற்றார். அவர்கள் சொல்லை மாற்றாமல் உலக மருத்துவ நூலில் எழுதினார். சமுதாயச் சேவைக்காக நாம் கிராமங்களுக்குச் செல்லும்போது, சொல்லிக் கொடுக்கத்தான் போகிறோம் என்று எண்ணுகிறோம். இனிப் போகும்போது முதலில் அங்குள்ள ஒரு தாயின் அருகில் அமர்ந்து, அவர் வீட்டுப் பிள்ளைகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்போம். பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வோம்.